திரும்பி வருவதற்கு என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்த என் மருமகன், கைப்பேசியை என் முன் நீட்டி ஒரு கட்டணத்தைக் காட்டினார். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சென்னையிலிருந்து தில்லி வழியாக ஸ்ரீநகர் சென்று ஆறு நாள் கழித்துத் திரும்ப, ஆளுக்கு 9,400 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பயணத்துக்கு நான் விசாரித்தபோது ஏறத்தாழ இரு மடங்கு சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்திருக்கும், டூலிப் பூக்கள் உதிர்ந்து முடிந்திருக்காது என்பது மருமகனின் கணக்கு. ஐந்து பேருக்கும் உடனே பதிவு செய்துவிடலாம் என்று கூடத்தில் முடிவாகிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்: "போறதுக்கு மலிவுதான், சரி. திரும்பி வர்றதுக்கு என்ன விலை?"

முப்பத்தோர் ஆண்டுகள் ரயில்வே முன்பதிவுக் கவுண்ட்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவன் நான். அந்தக் கேள்வி எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும் என்ற கூச்சத்தில், அதன்பின் பத்து நாள்களாக இதைப் பற்றிப் படித்தும் விசாரித்தும் வந்தேன். கோடை விடுமுறைக்குக் காஷ்மீர் செல்ல எண்ணியிருக்கும் தங்கள் வாசகர்களுக்கும், இது குறித்து ஏதேனும் செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர்களுக்கும் அது பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமுக்கு மேலேயுள்ள பைசரன் புல்வெளியில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. இறந்தவர்களில் 25 பேர் சுற்றுலா வந்தவர்கள். ஒருவர் அங்கேயே குதிரை ஓட்டிப் பிழைத்தவர். காயமடைந்தவர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தனர். மோட்டார் வண்டி போகாத, நடந்தோ குதிரையிலோ மட்டும் ஏறக்கூடிய அந்த இடத்திலிருந்து, காயம்பட்டவர்களை முதுகில் சுமந்து கீழே இறக்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள். பாதுகாப்பில் தவறு நேர்ந்ததைத் துணைநிலை ஆளுநரே சில மாதங்களுக்குப் பின் ஒப்புக்கொண்டார். இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. என் கவனத்தில் தைத்தது அதற்கு இரண்டு நாள் முன்னர் நடந்த வேறொரு சம்பவம். ஏப்ரல் 20 அன்று ராம்பன் பகுதியில் கொட்டிய மழையிலும் நிலச்சரிவிலும் ஜம்மு–ஸ்ரீநகர் தேசிய நெடுஞ்சாலை அடைபட்டுக் கிடந்தது. அதாவது, பள்ளத்தாக்கிலிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அஞ்சி ஊர் திரும்ப நினைத்த வேளையில், முதன்மையான தரைவழி ஏற்கெனவே கையைவிட்டுப் போயிருந்தது. பெரும்பாலோருக்கு எஞ்சியது விமானமே. ஸ்ரீநகரிலிருந்து வெளியேறும் கட்டணம் விறுவிறுவென ஏறியது. விமானப் போக்குவரத்து அமைச்சர் நிறுவனங்களை அழைத்துக் கட்டணத்தை ஏற்றக் கூடாதென எச்சரிக்கவும், தில்லிக்கு இரண்டு, மும்பைக்கு இரண்டு எனச் சிறப்பு விமானங்கள் விடவும் நேர்ந்தது. தில்லி தமிழ்நாடு இல்லத்தில் உதவி மையமும் திறந்தார்கள். செய்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அமைச்சர் தொலைபேசியை எடுத்தால்தான் கட்டணம் இறங்கும் என்றால், அதை ஏற்பாடு என்று எப்படிச் சொல்வது?

இது முதல் முறையும் அன்று. 2019 ஆகஸ்ட் 2 அன்று, அமர்நாத் யாத்ரிகர்களும் சுற்றுலாப் பயணிகளும் தங்குவதைச் சுருக்கிக்கொண்டு உடனே புறப்பட வேண்டும் என்று ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் அறிவித்தது. காரணம் மூன்று நாள் கழித்து, 370ஆவது சட்டப்பிரிவின் சிறப்புரிமை நீக்கப்பட்டபோதுதான் விளங்கிற்று. அப்போதும் இதே கதை: விமான நிலையத்தில் நெரிசல், கட்டணம் உச்சத்தில். அந்த அறிவுறுத்தல் திரும்பப் பெறப்பட்டது அக்டோபர் 10 அன்று. 2025 மே 7ஆம் தேதி மூண்ட இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போதோ ஸ்ரீநகர் உட்பட வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டு, 12ஆம் தேதிதான் திறக்கப்பட்டன. ஆக, அங்கே போகிறவர் எதிர்பார்க்க வேண்டியது குண்டையும் துப்பாக்கியையும் மட்டுமல்ல. ஆறு நாளுக்கென்று எடுத்துச் சென்ற பணத்தையும் மருந்தையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் இருக்க நேர்வதையும்தான். எனக்கும் என் மனைவிக்கும் இரத்த அழுத்த மாத்திரை தினமும் வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேனே தவிர, யாரையும் பயமுறுத்த அல்ல.

மலிவுக் கட்டணம் என்பது ஆபத்து குறைந்துவிட்டதற்கான அறிகுறி என்று எங்கள் வீட்டு இளைஞர்கள் நினைக்கிறார்கள். "ஆபத்து இருந்தால் விமானமே விடமாட்டார்களே, மாமா" என்றார் மருமகன். அந்தக் கட்டணத்துக்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை இருக்கை காலியாக இருக்கிறது என்பதுதான். ஆள் வராததால் விலை குறைகிறது; விலை குறைவதால் ஆள் வருகிறது. இந்தச் சுற்றில் பைசரனைப் பற்றியோ ராம்பனைப் பற்றியோ எந்தத் தகவலும் ஏறுவதில்லை. இருக்கை நிறையவில்லை என்பதற்காக விலையைக் குறைப்பது வியாபாரம், அதில் தவறில்லை. தவறு, அந்த 9,400 ரூபாய் டிக்கெட் எதை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதை நாம் பார்க்காமல் விடுவதில் இருக்கிறது.

அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானே பார்த்தேன். திரையின் அடியில், விரலால் தள்ளினால்தான் தெரியும் இடத்தில், ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று இருந்தது. இன்னும் கீழே போனபோது அது ஒரே டிக்கெட்டே அல்ல என்பதும் தெரிந்தது. சென்னை–தில்லி ஒரு நிறுவனம், தில்லி–ஸ்ரீநகர் வேறொரு நிறுவனம். இரண்டுக்கும் தனித்தனி முன்பதிவு எண், அதாவது பி.என்.ஆர். பனிமூட்டத்திலோ மூடல் உத்தரவிலோ இரண்டாவது விமானம் ரத்தானால் அந்த நிறுவனம் முழுப் பணத்தையும் தரும், அது விதி. ஆனால் முதல் விமானம் ஒழுங்காகப் பறக்கிறதே! நாங்கள் தில்லிக்குப் போய் என்ன செய்வது என்பது முதல் நிறுவனத்துக்கு ஒரு பொருட்டில்லை. நாங்களாகவே ரத்து செய்ததாகத்தான் கணக்கு. ரயில்வேயைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம், நானே சொல்வேன். ஆயினும் ஒரு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாமல் டிடிஆர் என்ற பணம் திரும்பக் கோரும் விண்ணப்பம் போட்டு முழுக் கட்டணத்தையும் பெறலாம். இரண்டு வண்டிகளில் தொடர்ந்து செல்வோர் இரண்டு பி.என்.ஆர்.களையும் இணைத்துக்கொண்டால், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் போகாத பகுதிக்கு ரீஃபண்ட் உண்டு என்ற விதி 2019 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த வசதி வந்த புதிதில் கவுண்ட்டரில் பலருக்கு நான் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். தனித்தனி நிறுவனங்களின் விமானங்களுக்கு இது எளிதல்ல என்பது தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே விலையாகக் காட்டி விற்கும் முகவர் தளங்களால் முடியாது என்று சொல்ல இயலாது.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பணம் திரும்பாது என்று போட்டிருக்கும் டிக்கெட்டிலும், பயணம் செய்யாவிட்டால் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும்தான் போகும். கேட்காதவர்களே அதிகம் என்பதால் எழுதுகிறேன்.

இதைவிடச் சிக்கலானது, விமானம் பறக்கும், போய்ச் சேர்ந்த இடம்தான் மூடியிருக்கும் என்ற நிலை. பஹல்காம் தாக்குதலுக்கு ஒரு வாரம் கழித்து, காஷ்மீரில் 87 சுற்றுலா இடங்களில் 48 மூடப்பட்டன. ஜூனில் ஜம்முவையும் சேர்த்து 16 இடங்களும், செப்டம்பரில் மேலும் 12 இடங்களும் திறக்கப்பட்டன. மே மாதம் விமான நிலையம் மூடிய சில நாள்கள் தவிர, ஸ்ரீநகருக்கு விமானம் மட்டும் வழக்கம்போல் போய்வந்துகொண்டிருந்தது. அப்போது பயணத்தைக் கைவிட்டவர், விதியின் கண்ணில், தானாக மனம் மாறியவர். தாக்குதலை ஒட்டிய சில நாள்களுக்கு மட்டும் இயக்குநரகம் அறிவுறுத்தி, நிறுவனங்கள் ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. அது சலுகை, நாளைக்கு இருக்கும் என்று நம்பி ஐந்து பேரை அழைத்துக்கொண்டு கிளம்ப முடியாது. பதிவு செய்யும் திரையிலேயே சில நூறு ரூபாய்க்கு ஒரு காப்பீடும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அதன் ஆவணத்தை முழுவதும் படித்தேன். பெட்டி தொலைந்தால் பணம் உண்டு, விமானம் தாமதமானால் உண்டு. போர்ச்சூழல் விலக்கு, பயணி தானே அஞ்சி ரத்து செய்தால் ஒன்றுமில்லை.

இதன் விளைவு என்னவென்றால், செய்தி கெட்டதாக வரும் நாளிலும் மலிவு டிக்கெட் வைத்திருப்பவர் கிளம்பிவிடுகிறார். ஐந்து பேருக்கு 47,000 ரூபாய் என்பது எங்களைப் போன்ற ஓய்வூதியக் குடும்பத்துக்குச் சும்மா விட்டுவிடும் தொகையல்ல. "பணம் போய்விடும், பார்த்துக்கொள்ளலாம், போவோம்" என்று நானே சொல்லியிருப்பேன். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மனிதனை அந்த டிக்கெட்டே பிடித்துத் தள்ளுகிறது.

சரி, எந்த இடம் திறந்திருக்கிறது, எது பாதுகாப்பு என்பதைச் சாதாரணக் குடிமகன் எங்கே தெரிந்துகொள்வது? அமெரிக்க அரசு ஜம்மு காஷ்மீருக்குப் போகவே வேண்டாம் என்று தன் குடிமக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. பிரிட்டன் அரசின் அறிவுரையும் ஸ்ரீநகர், பஹல்காம், குல்மார்க் எல்லாவற்றையும் விலக்கச் சொல்கிறது. அதை மீறினால் காப்பீடு செல்லாமல் போகலாம் என்பதால், இலண்டனிலிருக்கும் என் தங்கை மகன் எங்களோடு சேர மறுத்துவிட்டான். தால் ஏரியையும் எல்லைக் கோட்டையும் ஒரே சிவப்பில் பூசும் அந்த முறை எனக்கு உடன்பாடில்லை. நமக்கு வேண்டியது அதைவிட நுணுக்கமானது. ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துக் காவல்துறை நெடுஞ்சாலையின் நிலைமையை நாள்தோறும் அறிவிக்கிறது. அதைப் போலவே மூடிய இடம், திறந்த இடம், வண்டி போகும் இடம், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றை ஒரே பட்டியலாக, தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும், மத்திய சுற்றுலாத் துறை வெளியிட்டால் யாருக்கு என்ன நட்டம்? வெளிநாட்டுக்குப் போகிறவர்களை நம் வெளியுறவுத் துறை எச்சரிக்கிறது. உள்நாட்டில் போகிறவர் மூடல் உத்தரவு ஒன்றைச் செய்தித்தாளிலும், குதிரைக்காரரின் வாயிலும்தான் அறிய வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் ஆபத்து நேரத்தில் பெரிது. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு மட்டுமே எடுக்கும். எங்கள் வீட்டில் நான்கு கைப்பேசிகளில் மூன்று ப்ரீபெய்டு. ஒரு கெட்ட நாளில் பிரிந்துபோனால் ஒருவரையொருவர் அழைக்கவும் வழியில்லை. டிக்கெட் விற்கும் எந்தத் திரையிலும் இதை நான் பார்க்கவில்லை.

இவ்வளவு எழுதியதால் காஷ்மீருக்குப் போகக் கூடாது என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாக்குதலுக்கு மறுநாள் பள்ளத்தாக்கே கடையடைத்துத் துக்கம் காத்தது. அதன்பின் ஷிகாரா படகு ஓட்டுபவரும் குதிரைக்காரரும் விடுதிப் பணியாளரும் பருவம் முழுவதும் வருமானமில்லாமல் உட்கார்ந்திருந்தனர். ஆபத்து அங்கே மட்டும்தான் இருக்கிறது என்பதும் உண்மையல்ல. 2025 நவம்பர் 10 அன்று தில்லி செங்கோட்டை அருகே குண்டு வெடித்தது. நாங்கள் விமானம் மாற வேண்டிய ஊர் அதுதான், அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் கேட்பது திரும்பும் வழியைப் பற்றி மட்டுமே. ஓர் இடத்தை அரசு உத்தரவிட்டு மூடினாலோ, பயணிகளை வெளியேறச் சொன்னாலோ, அந்தத் தேதிகளுக்குரிய டிக்கெட்டை ரத்து செய்பவருக்கு, விமான நிறுவனமே ரத்து செய்ததைப் போல முழுப் பணமும் கிடைக்க வேண்டும். அந்த இடத்திலிருந்து வெளியேறும் விமானங்களுக்குக் கட்டண உச்சவரம்பு அன்றே தானாக நடைமுறைக்கு வர வேண்டும். முடியாத காரியமல்ல. கொரோனா காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை கட்டண வரம்பு இருந்தது. 2025 டிசம்பரில் ஒரு பெரிய விமான நிறுவனத்தின் சேவை குலைந்தபோதும், வரிகள் நீங்கலாக 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று சில நாள்களில் வரம்பு கட்டினார்கள்.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அந்த 9,400 ரூபாய் டிக்கெட்டை வாங்கவில்லை. தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய, இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆரில் வரும் டிக்கெட் ஆளுக்கு 2,700 ரூபாய் கூடுதலாகிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2025 ஜூன் முதல், ஜம்மு பகுதியிலுள்ள கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது, மூன்று மணி நேரப் பயணம். நெடுஞ்சாலை அடைபட்டாலும் கத்ரா வரை இறங்கிவிட்டால், அங்கிருந்து சென்னைக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அது புறப்படும் நாள்களை என் பழைய பழக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் குறித்து, மனைவியின் மாத்திரை டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். மருமகன் சிரிக்கிறார். மூன்று கைப்பேசிகளில் ஒன்றையாவது போஸ்ட்பெய்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே முன்பதிவு எழுத்தர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.