நான்கு கிலோ குடவாழை

விதைக்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பாரம்பரிய விதைகளைச் சேர்த்து வைத்திருந்த நம் விதையறைக்குள் மழைவெள்ளம் புகுந்த அந்த இரண்டு இரவில் தண்ணீர் என்ன செய்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விடிந்ததும் மண்வெட்டியோடு வந்து சேற்றை அள்ளிப்போட்ட பிள்ளைகளுக்கும், நனைந்த மூட்டைகளைப் பரப்ப மொட்டைமாடியைத் திறந்துவிட்ட நான்கு வீட்டாருக்கும், வாடகை வாங்க மறுத்த மினிலாரி ஓட்டுநருக்கும், நாங்கள் கேட்கும் முன்பே பார்சல் போட்ட திருவண்ணாமலை, சிவகங்கை, காஞ்சிபுரம் நண்பர்களுக்கும் என் கும்பிடு. நெல்லில் பூங்கார் வந்துவிட்டது. கருங்குறுவை, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் எல்லாம் வந்துவிட்டன. சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் அடைத்த கத்தரி விதைகூட உடையாமல் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

வராமல் இருந்தது சிவப்புக் குடவாழை மட்டும்தான். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணுக்கான நெல் அது. எங்கள் பகுதியை விட்டால் அதை விதைக்கிறவர்கள் குறைவு. அப்புறம் பார்சலில் எங்கிருந்து வரும்? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் ஓடு பறந்தபோதும் அந்த மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிக் காப்பாற்றியிருந்தோம். இந்த முறை முடியவில்லை. காயவைத்து, நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்த்தேன். மூன்று முளைத்தது.

மாசி பிறந்த மூன்றாம் நாள் ஒரு பெரியம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டே வந்தார். தோளில் மஞ்சள் பை.

“தம்பி, ரெண்டு வருசத்துக்கு முந்தி ரெண்டு கிலோ குடவாழை வாங்கிட்டுப் போனேன். நாலாத் திருப்பித் தரணும்னு சொன்னீங்க. போன வருசம் முடியல. இந்தாங்க.”

இரட்டிப்பாகத் திருப்பித் தரும் வழக்கத்தை நாங்கள் உண்டாக்கவில்லை. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 2006இல் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாக வாங்கினார்களே, அந்த ஏற்பாடுதான். அவர் மீட்ட 174 ரகங்களும் இப்படிக் கைமாறித்தான் ஊர் ஊராகப் பரவின. ஆனால் எல்லோரும் திருப்பித் தருவதில்லை. எங்கள் நோட்டில் இந்தப் பெரியம்மாவின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘வராது’ என்று எழுதியிருந்தவன் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்களுக்கு நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. வாங்கிய கடனை அடைக்க வந்திருந்தார், அவ்வளவுதான். நான் பேச்சு வராமல் நின்றதைப் பார்த்து, “நெல்லு சரியில்லையா தம்பி?” என்று பதறினார். அள்ளிப் பார்த்தேன். வேறு ரகம் கலந்த ஒரு கலவன் இல்லை, ஒரு பதர் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர் அவர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பத்துக் குழி நிலத்தில் விதைத்து, வேறு ரகமாகத் தெரிந்த கதிர்களைத் தேடித் தேடிப் பிடுங்கி, தனியாக அறுத்து, கையாலேயே அடித்துக் காயவைத்திருக்கிறார். எங்கள் விதையை அழித்த அதே மழையில் நின்ற பயிர்தான் அது. “எட்டு நாள் முட்டளவு தண்ணி நின்னுச்சு. பயிரு சாயல” என்றார்.

காபி குடித்து முடித்ததும், “நோட்டுல என் பேரை அடிச்சிருங்க” என்றார். நோட்டும் தண்ணீரில் போய்விட்டது என்று சொன்னேன். “அப்ப புது நோட்டுப் போடுங்க. என் பேரை எழுதி அடிங்க. நாளைக்கு யாரும் கேட்டுறக் கூடாதுல்ல” என்று விடாப்பிடியாக நின்றார். கடைக்கு ஆள் அனுப்பி நோட்டு வாங்கி, முதல் வரியில் அவர் பெயரை எழுதி, அவர் கண் முன்னாலேயே அடித்தேன். வழிச்செலவுக்கு என்று நீட்டிய பணத்தை வாங்கவில்லை. “பஸ்ஸுலதான் பொம்பளைங்களுக்குக் காசே கேக்குறதில்லையே தம்பி.”

அவர் போனதிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடற்கரைக் காற்றில் நெல் விதை ஒரு வருசம் தாண்டினாலே முளைப்புக் குறையத் தொடங்கிவிடும். வருசாவருசம் வயலுக்குப் போய்வந்தால்தான் அதற்கு உயிர். இது தெரிந்திருந்தும், சேர்த்து வைப்பதில்தான் எங்கள் கவனம் முழுக்கப் போயிருந்தது. நெல் ஜெயராமன் கண்மூடியது கஜா வந்த இருபதாம் நாள், டிசம்பர் 6. அவர் தேடிச் சேர்த்த ரகங்கள் அன்றே எத்தனையோ விவசாயிகளின் வயலில் இருந்தன. அவரோடு அவை போகவில்லை.

சரி, நான் முடிவு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இனி எந்த ரகமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்காது. ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து ஊரில், ஐந்து வீட்டில் இருக்கும். ‘வராது’ என்று எந்தப் பெயருக்கு நேராகவும் எழுத மாட்டேன்.

அறுத்த புதிதில் நெல் சரியாக முளைக்காது, அந்த உறக்கம் தெளியட்டும் என்று மூன்று வாரம் பொறுத்து முளைக்கப்போட்டேன். நேற்று எண்ணிப் பார்த்தேன், நூற்றுக்கு 94. மூன்று வீடுகளுக்கு ஒவ்வொரு கிலோ கொடுத்தாகிவிட்டது. மீதியை நான் எடுத்துக்கொண்டேன். நோட்டில் பெரியம்மாவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன்: வாங்கியது ஒரு கிலோ, அடுத்த தையில் தர வேண்டியது இரண்டு.