பெரிக்ளிஸுக்கு நாலு பாடத்துலயும் டிஸ்டிங்ஷனா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல பழைய ஏதென்ஸ் நகரத்துத் தலைவர் பெரிக்ளிஸ் பத்தின கட்டுரை படிச்சேன். அறிவு, துணிவு, தன்னடக்கம், நீதின்னு கிரேக்கத்து நாலு நற்குணத்துக்கும் மார்க் போட்டு நாலுலயும் டிஸ்டிங்ஷன் குடுத்துட்டாரு கட்டுரையாளர். சரி, ஆனா பிளேட்டோவே இந்த மனுஷனை பாஸ் போடலைங்கறதை ஏன் சார் ஒரு வரிகூட சொல்லலை? பிளேட்டோ எழுதின கார்ஜியாஸ்ங்கற உரையாடல்ல சாக்ரடீஸ் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இவரால ஜனங்க முன்னைவிட நல்லவங்களா ஆனாங்களா? சாதுவா வந்த மாட்டை முட்டுற மாடா ஆக்கி விட்டவனை நல்ல மேய்ப்பன்னு சொல்லுவோமா, கடைசில அதே ஜனங்கதானே பெரிக்ளிஸ் மேல கையாடல் கேஸ் போட்டு தண்டிச்சாங்கன்னு போட்டு வாங்கறாரு. சிஷ்யன் அரிஸ்டாட்டிலோ விவேகத்துக்கு உதாரணம் காட்டறதே பெரிக்ளிஸைத்தான். குருவும் சிஷ்யனும் ஒத்துப்போகாத ஆளுக்கு நீங்க ஏகமனசா சர்டிபிகேட் குடுக்கறீங்க.

அதுக்காக பிளேட்டோ சொல்றது எல்லாத்தையும் நான் ஒத்துக்கலை. ஜனங்களுக்கு அரசு சம்பளம் குடுத்து சோம்பேறி, வாயாடி, பேராசைக்காரங்களா ஆக்கிட்டாருன்னு அதே இடத்துல ஒரு புகார் வருது. ஜூரி படிதான் சார் அது, கோர்ட்ல தீர்ப்பு சொல்ல உக்கார்ற ஜனங்களுக்கு நாள்படி. பின்னாடி கிளியோன்ங்கற தலைவர் காலத்துல ஏறினப்பவே மூணு ஓபல்தான், ஓபல்னா சின்ன வெள்ளிக்காசு. கூலிவேலையை விட்டுட்டு நாள் பூரா கோர்ட்ல உக்காரணும்னா ஏழை எப்படி வருவான், தீர்ப்பு சொல்றதெல்லாம் வசதியானவங்க கையிலேயே நின்னிருக்கும். பிளேட்டோ பெரிய வீட்டுப் புள்ளை, அவருக்கு இது உறைக்கலை.

நான் மார்க் குறைக்கறது நீதியில. பாரசீகத்தை எதிர்க்கன்னு கூட்டணி நகரங்க கட்டுன பணம் டீலோஸ் தீவுல இருந்துச்சு, கிமு 454ல ஏதென்ஸுக்கு வந்துச்சு, 447ல அங்க பார்த்தினான் கோயில் வேலை ஆரம்பம். ஊரார் வீட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையே! கூட்டணிப் பணத்துல நம்ம ஊரை அலங்கரிக்கலாமான்னு ஏதென்ஸ்லயே எதிர்த்தரப்பு கேட்டப்போ, அந்த நகரங்களைப் பாதுகாக்கறோம்ல, கணக்கு சொல்லணும்னு அவசியமில்லைன்னு பெரிக்ளிஸ் வாதாடினதா, பின்னாடி அவர் வாழ்க்கை வரலாறு எழுதின புளூட்டார்க் எழுதி வெச்சிருக்காரு. சொந்தப் பைக்கு எதுவும் எடுக்கலைன்னு அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொல்றாரு, நம்பறேன். ஆனா கை சுத்தம் வேற, நீதி வேற இல்லையா?

இன்னொண்ணு. அப்பா அம்மா ரெண்டு பேருமே ஏதென்ஸ்காரங்களா இருந்தாதான் குடியுரிமைன்னு 451ல சட்டம் கொண்டுவந்தவரே இவர்தான், பிளேக் வந்து பசங்க செத்ததும் வேற ஊரான மிலேட்டஸ்காரியான தன் துணைவி அஸ்பாசியாவுக்குப் பொறந்த மகனுக்காக விலக்கு கேட்டு நின்னாரு. (அந்த மகனையும் சேர்த்து 406ல தளபதிங்களை ஒரே ஓட்டுல சாகடிச்சப்போ, இது சட்டப்படி செல்லாதுன்னு விடாப்பிடியா எதிர்த்தது சாக்ரடீஸ்!)

அடுத்த இதழ்ல தொடரும்னு போட்டிருக்கீங்க, அந்த 454 சமாச்சாரத்தையாவது எழுதச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்