அத்தைக்கு: அந்த 27 நிமிடம்

அன்புள்ள அத்தைக்கு,

போன வாரம் பெரியப்பா வீட்டு பீரோவை ஒழுங்கு செய்தபோது அந்த கேசட் கிடைத்தது. 'ராமேஸ்வரம், மே 93' என்று பெரியப்பாவின் கையெழுத்து. மஸ்கட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஹேண்டிகேமில் எடுத்தது. திறக்கவே பயமாக இருந்தது. அந்த நாடாவில் படம் என்பது பூசி வைத்த இரும்புத்துகள்தான். அதைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தில் இளகிவிட்டால் எல்லாம் போச்சு. நம் கேசட் பிழைத்திருந்தது. பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கி, ஒயர் கொடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றினேன்.

முதலில் ரயில் வருகிறது அத்தை. அந்த மீட்டர்கேஜ் பெட்டி, மரப் பலகை இருக்கை, ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு ஒன்பது வயது நான். பாம்பன் வந்ததும் ரயில் மெதுவாகிறது. பக்கத்தில் கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது. எட்டிப் பார்த்தால் நேராகக் கடல். உயரே ரோட்டுப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஜனங்கள் கை காட்டுகிறார்கள். "தூக்குப்பாலம் வருது, காசு போடு" என்று அப்பா சொல்வது கேட்கிறது. 1914-ல் திறந்த பாலம். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. மீட்டர்கேஜ் அதற்கு வெகுமுன்பே போய்விட்டது. அந்தக் காட்சியை மட்டும் நான்கு தடவை பார்த்தேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி இல்லை.

கோயிலுக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யாராவது ஒருத்தர் வெளியே இருக்க வேண்டும். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, "நான் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். நாங்கள் ஒன்பது பேரும் செருப்பை உங்கள் காலடியில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினோம். இருபத்திரண்டு தீர்த்தமும் தலையில் வாளி வாளியாக விழுந்த குளிர்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெளியே வந்து, ஈரத்தோடு உடை மாற்றி, சாப்பிட்டு, தனுஷ்கோடிக்கு ஜீப் பிடிக்க அவசரம். மணலில் இறங்கி, இடிந்த சர்ச் முன்னால் பெரியப்பா கேமராவை எடுத்தால், பேட்டரி தீர்ந்து போயிருந்தது. மடியில் வைத்திருந்தபோது எங்கோ கை பட்டு, சிவப்புப் பொத்தான் அமுங்கி, அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

அன்றைக்கு ஆரம்பித்தது. தனுஷ்கோடி படம் இல்லாததற்கு அத்தைதான் காரணம் என்று எந்தக் கல்யாண வீட்டில் கூடினாலும் யாராவது சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். டிவியில் கேசட் போடும்போது கோயில் வாசல் வந்ததும் ஓட்டிவிடுவோம். அந்தப் பகுதியை வீட்டில் ஒருவர்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது ஓட்டிவிட முடியாது. ஒரு மணி நேரப் படம் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆகவேண்டும். அதனால்தான் பார்த்தேன். 27 நிமிடம்.

படம் சாய்ந்து கிடக்கிறது. உங்கள் சுங்குடிச் சேலையின் கரை, ஒரு கால் விரல், எங்கள் செருப்புக் குவியல், பக்கத்தில் சங்கு விற்கிற அம்மாவின் கை. அந்தக் கை சோழிகளை ஒவ்வொன்றாக நூலில் கோத்துக்கொண்டே இருக்கிறது. இந்தியில் பேசிக்கொண்டு ஒரு கூட்டம் போகிறது. அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து, "காத்துல மணல் வருதே, இதுல பட்டுருமோ" என்று உங்கள் குரல். அடுத்த நொடி முந்தானையை எடுத்துக் கேமராவின் மேல் போர்த்துகிறீர்கள்.

அதற்கப்புறம் முழுக்க அந்தச் சேலைதான் தெரிகிறது. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். வெயில் பின்னாலிருந்து வருவதால் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சமாக நிற்கிறது. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து அசைகின்றன. வீணாகப் போன படம் என்று நாங்கள் ஓட்டிவிட்டது இதைத்தான்.

உங்கள் பேச்சும் கேட்கிறது.

"நீங்க போகலையாம்மா?" என்று சங்குக்காரம்மா கேட்கிறார்.

"அவுக வந்துரட்டும். நான் அப்புறம் போவேன்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னச் சங்கை விலை கேட்கிறீர்கள். அவர் பதினைந்து என்கிறார், நீங்கள் பத்து என்கிறீர்கள். "அண்ணன் மகனுக்கு, காதுல வச்சு கேக்கணும்னு காலையில இருந்து சொல்லிக்கிட்டு இருக்கான்." அப்போது படம் முழுவதும் ஆடுகிறது. முந்தி முடிச்சை அவிழ்க்கிறீர்கள். சில்லறை சத்தம். முந்தானை விலகி ஒரு கணம் வானம் வந்து போகிறது.

அந்தச் சங்கு இப்போதும் என் மேஜையில்தான் இருக்கிறது. பெரியப்பா வாங்கித் தந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில், பேட்டரி நிற்பதற்குச் சற்று முன்னால், "இன்னும் காணமே" என்கிறீர்கள். நாங்கள் வந்தபோது "நீங்க போயிட்டு வாங்க அத்தை" என்று யாரும் சொன்ன நினைவு எனக்கு இல்லை. அப்பாவிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "இல்லடா, அவ போகலை" என்றார். அதற்கப்புறமும் நீங்கள் ராமேஸ்வரம் போனதே இல்லையாம்.

என்னை மன்னித்துவிடுங்கள் அத்தை. பேட்டரிக்காக மட்டும் இல்லை, அந்த நாளுக்காக.

பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். ரயில் மறுபடி கடலைத் தாண்டுகிறது. தனுஷ்கோடிக்கு ஜீப்கூட வேண்டாம், அரிச்சல்முனை வரை தார்ரோடு. முட்டி வலி இருக்கிறதென்று தெரியும். இறங்கி ஏறி, மெதுவாகவே போகலாம். உங்கள் மருமகள் கையைப் பிடித்துக்கொள்வாள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வாருங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. செருப்பு, பை, போன் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கிழக்கு வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

தை பிறந்ததும் டிக்கெட் போடலாம் என்றிருக்கிறேன். எந்தத் தேதி தோது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் மகன்