சின்ன அறைக்கு அடித்த நிறம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் மருமகனும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "நல்லா இருக்கு" என்று மட்டும் பதில் போட்டுவிட்டு மூன்று நாளாக யோசித்துக்கொண்டு இருக்கிறேன். போனில் கதைக்கலாம்தான். ஆனால் நீ "ஓம் அப்பா, சுகம் அப்பா, சாப்பிட்டீங்களோ அப்பா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். முந்தியென்றால் காசு போகிறது, வை பிள்ளை என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். சரி, சின்னம்மாவின் மகன் வருகிற கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறான். மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சின்ன அறைக்கு நிறம் மாற்றப்போகிறாய் என்று எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. 30 வருஷம் பெயின்ற் கடை நடத்தினவன் நான். சின்னம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

நிறம் நல்ல நிறம். நீலம் என்றும் சொல்ல முடியாது, ஊதா என்றும் சொல்ல முடியாது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் கடல் கொஞ்ச நேரம் இப்படி இருக்கும். கிணற்றடி வேலியில் காக்கணம்பூ விரிய முந்தி மொட்டாக முறுக்கிக்கொண்டு இருக்குமே, அந்த நிறம். இங்கே இப்போது வெளிநாட்டுக் காசில் கட்டுகிற வீடுகளுக்கு வெளியே என்ன நிறமும் அடிக்கிறார்கள், அறைக்குள் இப்படி அடிக்க ஒருவருக்கும் துணிவு வராது. உனக்கு வந்திருக்கிறது. ஏணியில் ஏறித் தனியாக அடித்தாய் என்று மருமகன் சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. சண்டையால் ஊரே வெளிக்கிட்ட 95 இடப்பெயர்வுக்கு முந்தின தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். வெள்ளை பளிச்சென்று தெரியச் சுண்ணாம்பு வாளிக்குள் உடுப்புக்குப் போடுகிற நீலம் ஒரு சிட்டிகை விடுவது வழக்கம். 7 வயது உனக்கு. நான் திரும்பிப் பார்க்குமுன் பைக்கற்றோடு கொட்டிவிட்டாய். நான் கையை ஓங்க, அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அதைக் கோழிக்கூட்டுச் சுவருக்கு அடித்தாள். 96இல் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்கு ஓடு இல்லை, கதவு இல்லை. கோழிக்கூட்டுச் சுவர் மட்டும் நீலமாக நிற்கிறது. அந்த நீலம் சுண்ணாம்பின் காரத்துக்கு அசையாது. புளியோ எலுமிச்சையோ பட்டால்தான் நிறம் போகும். நீ முதன்முதலாகக் கலந்த நிறம் அது.

ஆனால் மகள், கடும் நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். இங்கே என்றால் பரவாயில்லை, ஜன்னலைத் திறந்தால் வெயில் அடித்துக்கொண்டு வரும். அங்கே மார்கழியில் காலை 9 மணிக்குப் பிறகுதான் விடிகிறது, பின்னேரம் மூன்றேகாலுக்கு முன்னம் பொழுது பட்டுவிடுகிறது. நான் வந்து நின்றபோது பார்த்தேனே. அதனால் அந்த அறைக்கு ஒரு விளக்குப் போதாது. மேலே ஒன்று, மூலையில் சுவரைப் பார்க்க ஒன்று என்று போடு. பல்ப் வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் என்று இருந்தால் அது மஞ்சள் வெளிச்சம், அதில் இந்த நீலம் செத்துக் கறுத்துவிடும். 4000 பார்த்து வாங்கு. ஜாம் போத்தல் விளக்குக் காலத்தில் "அப்பா, என்ரை நீலப் பாவாடை கறுப்பாப் போச்சு" என்று நீ அழுதாயே, அதேதான். மண்ணெண்ணெய்ச் சுடரில் நீல வெளிச்சம் மிகக் குறைவு, பாவாடை எதைத் திருப்பிக் காட்டும்?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் றோலர் போன தடம் தெரிகிறது. ஒரு பூச்சோடு விட்டுவிட்டாய் போல. மஞ்சளுக்கு மேலே நேராக ஊதா அடித்தால் அடியிலிருக்கிற மஞ்சள் அதை மண்நிறத்துக்கு இழுக்கும். சாம்பல் நிறத்தில் அண்டர்கோட் ஒன்று அடித்துவிட்டு, அதன்மேல் இரண்டு பூச்சு அடித்திருக்க வேண்டும். ஜன்னலின் வலது மேல் மூலையில் ஒரு விரலகலம் மஞ்சள் மிச்சம் இருக்கிறது. இரண்டங்குலப் பிரஷ்ஷால் அதையும் இழுத்துவிடு. சீலிங்கை வெள்ளையாகவே விடு. பூச்சு முழுதாக இறுக ஒரு மாதம் செல்லும், அதுவரைக்கும் ஈரத்துணியால் துடைக்காதே. அம்மாவின் குத்துவிளக்கு உன்னிடம்தானே இருக்கிறது? அதை அந்தச் சுவருக்கு முன்னால் வை. கடும் ஊதாவுக்கு முன்னால் பித்தளை இருக்கிற அழகு வேறு எந்தச் சுவருக்கும் வராது.

விளக்கைப் போட மறக்காதே. போன ஞாயிறு மருமகன்தான் போனை எடுத்தார். "அவ அந்த அறையிலை படுத்திருக்கிறா மாமா" என்றார். உங்கள் நேரம் பகல் 11 மணி. படுப்பதில் பிழையில்லை. விளக்கைப் போட்டுவிட்டுப் படு, கதவைத் திறந்து வை. மீனெண்ணெய் குடிக்கிறாயா? அங்கத்தைய ஆட்களே குளிர்காலத்தில் குடிக்கிறார்கள்.

அந்த மஞ்சள் நீயும் நானும் மருமகனும் சேர்ந்து அடித்தது. அதை ஏன் மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எனக்குக் கேட்கிற தகுதியும் இல்லை.

2002இல் அம்மா கண்ணை மூடி, அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். சண்டை நின்று, பாதை திறந்து, கொழும்பிலிருந்து எமல்ஷன் வாளிகள் கடைக்கு வந்திறங்கியிருந்த நேரம். ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தைச் சுவருக்கு அடித்தேன். குசினி வாசலுக்குப் பக்கத்தில், அம்மா சாய்ந்திருந்து அரிசி கொழிக்கிற இடத்தில், அவளுடைய தலை எண்ணெய் ஊறி ஒரு சிரட்டை அகலத்துக்குக் கறை இருந்தது. கிட்டப் போனால் தேங்காயெண்ணெய் மணக்கும். முதல் பூச்சு அடித்தேன், காய்ந்ததும் கறை மேலே வந்தது. இரண்டாவது அடித்தேன், அதற்கும் வந்தது. எண்ணெய்க் கறை தண்ணீர்ப் பெயின்ற்றுக்கு அடங்காது. அது எனக்குத் தெரியாதா? பிறகு கடையைத் திறந்து எண்ணெய் அண்டர்கோட் எடுத்து வந்து, ஊர் படுத்த பிறகு பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் அடித்து மூடினேன். விடியப் பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு வந்த நீ அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாய். உன் வெள்ளைச் சட்டைக் கையில் பெயின்ற் பட்டது. ஒன்றும் கேட்காமல் போய்விட்டாய். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நானும் கூப்பிட்டுக் கதைக்கவில்லை. வீடு துப்புரவாக இருக்க வேண்டும், பிள்ளை பார்த்துப் பார்த்து அழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என்னால்தான் பார்க்க முடியவில்லை. உனக்கு 14 வயது. உன்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். நீ அன்றைக்கே கதைக்காமல் இருக்கப் பழகினது என்னைப் பார்த்துத்தான் என்று இப்போது படுகிறது.

24 வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன், என்னை மன்னித்துக்கொள் பிள்ளை.

வேறு புதினம் பெரிதாக இல்லை. கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை குறைவாகத்தான் காய்த்தது. பின்பக்கச் சுவர் உப்புப் பூத்துக் கொட்டுகிறது, மழை விட்ட பிறகு பார்க்க வேண்டும்.

மேலே ஜன்னல் மூலையில் மஞ்சளை இழுத்துவிடச் சொல்லி எழுதிவிட்டேன். அதை வெட்டாமல் விடுகிறேன், கடை நடத்தினவன் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் நீ அதை அடிக்க வேண்டாம். தவறுதலாக விட்டாயோ, வேண்டுமென்று விட்டாயோ, அப்படியே இருக்கட்டும்.

நீ அனுப்பின படத்தில் சுவர் மட்டும்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சம் இருக்கும்போது இன்னொன்று எடுக்கச் சொல்லு மருமகனிடம். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நீயும் நில். அன்றைக்குப் பின்னேரம் நான் வேறெங்கும் போகமாட்டேன், போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா