கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்: நேபாள வார்டுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வார்டுத் தலைவர்களுக்கு,

வணக்கம். நேபாளம் முழுவதும் நீங்கள் 6,743 பேர். உங்களில் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். அதனால் இந்த மடல் பெரும்பாலும் ஆண்களின் கைக்கே போய்ச் சேரும். உங்கள் வார்டுக் குழுவில் உங்களைத் தவிர நான்கு உறுப்பினர்கள். அவர்களில் இருவர் பெண்கள். அந்த இருவரில் ஒருவர் தலித் பெண்ணாக இருந்தே தீர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் சட்டம். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த நாற்காலி அவருக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1854இல் ஜங் பகதூர் ராணாவின் ஆட்சி கொண்டுவந்த முலுகி ஐன் சட்டம், மக்களைப் படிப்படியாக அடுக்கி, அவருடைய முன்னோரை அடிப்படியில் வைத்தது. 'பானி நசல்னே': இவர்கள் கைபட்ட தண்ணீர் செல்லாது. தொட்டுவிட்டால் நீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டும். ஊர் வழக்கமாக இருந்ததை நாட்டின் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். அதை மாற்றிப் புதிய முலுகி ஐன் வந்தது 1963இல். தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டிக்கத் தனிச் சட்டம் வந்ததோ 2011இல்தான். இத்தனைக்கும் பிறகு, 2017 தேர்தலில் 6,567 தலித் பெண்கள் வார்டு உறுப்பினர்களானார்கள். எஞ்சிய 176 வார்டுகளில் வேட்பாளர் இல்லாமல் அந்த இடம் காலியாகக் கிடந்தது.

வென்று வந்தவர்களில் பலர் சொன்னது ஒன்றுபோலவே இருந்தது. கூட்டம் நடப்பதே தெரிவதில்லை. முடிந்தபின் தீர்மானப் புத்தகம் மட்டும் வீட்டுக்கு வருகிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுகிறார்கள். பேச எழுந்தால் "உனக்கென்ன தெரியும்" என்கிறார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தமிழ்நாட்டில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். 2020இல் அந்தப் படம் வெளியானபோது நாங்கள் வெட்கத்தில் குறுகிப்போனோம். அதனால்தான் உங்கள் ஊர்ச் செய்திகள் எனக்குத் தொலைவிலிருந்து வருவதாகத் தோன்றுவதில்லை.

2020 மே 23ஆம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தலித் இளைஞன் ஒருவன், தான் விரும்பிய உயர்சாதிப் பெண்ணை அழைத்துவர நண்பர்களோடு மேற்கு ருக்கும் மாவட்டத்தின் சோதி கிராமத்துக்குப் போனான். ஊரே திரண்டு விரட்டியது. ஆறு இளைஞர்கள் பேரி ஆற்றில் பிணமானார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் அந்த வார்டின் தலைவரும் ஒருவர். அதே நாளில் ரூபந்தேகி மாவட்டத்தில் ஒரு தலித் சிறுமி மரத்தில் தொங்கிய நிலையில் கிடந்தாள். தன்னை வன்புணர்ந்ததாகச் சொல்லப்பட்டவனுக்கே அவளைக் கட்டிவைப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அந்தச் சிறுமி எதை விரும்பினாள் என்பதற்கு அந்தப் பேச்சில் இடமே இருக்கவில்லை.

இப்படிப் பேசி முடிப்பதற்கு உங்கள் ஊரில் 'மிலாபத்ர' என்று பெயர். வரப்புத் தகராறுக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். வன்புணர்வுக்கும் தீண்டாமைக்கும் அதை எழுதுவது குற்றத்துக்குத் துணைபோவது. புகாரோடு வரும் பெண்ணை உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள். உங்கள் தலித் பெண் உறுப்பினரை அவளுடன் அனுப்பி, காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும் வரை நில்லுங்கள். 2021இல் காத்மாண்டுவில் சாதியைக் கேட்டு வாடகை அறை மறுக்கப்பட்ட ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். கைதான வீட்டுக்காரர் விடுதலையானபோது அவரை அழைத்துச்செல்ல நாட்டின் கல்வி அமைச்சரே நேரில் வந்தார். அமைச்சரே அந்தப் பக்கம் போய் நின்றால், மலைக் கிராமத்துப் பெண் யாரை நம்பிப் புகார் கொடுப்பாள்?

அடுத்தது சிபாரிசுக் கடிதம். குடியுரிமைச் சான்றுக்கு முதல் படி உங்கள் கையெழுத்துத்தான். நேபாளத்தில் பிறந்து வாழும் பிள்ளையின் தந்தை யாரென்று தெரியாவிட்டால், தாயின் வழியே குடியுரிமை தரலாம் என்று 2015 அரசியலமைப்பு சொல்கிறது. 'பாதி' என்ற தலித் சமூகத்தின் பெண்கள் இதற்காக எவ்வளவு போராடினார்கள்! 2007இல் உமாதேவி பாதியின் தலைமையில் அவர்கள் காத்மாண்டு வந்து, அரசுத் தலைமையகமான சிங்க தர்பார் வாசலில் மேலாடையைக் களைந்து நின்று கேட்க வேண்டியிருந்தது. சட்டம் கிடைத்த பின்னும் "அப்பன் பெயர் என்ன" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், அந்தப் பெண்ணை மீண்டும் அதே வாசலில் நிறுத்துகிறீர்கள்.

மேற்கு மலைகளில் இருப்பவர்களிடம் இன்னொன்று. மாதவிடாய்ப் பெண்ணைக் குடிசைக்கு அனுப்பும் சௌபடியை உச்ச நீதிமன்றம் 2005இல் தடை செய்தது. மூன்று மாதச் சிறை அல்லது மூவாயிரம் ரூபாய் அபராதம் என்று 2018 முதல் சட்டமும் இருக்கிறது. ஒரு பிராமணப் பெண்ணுக்கு அந்தத் தீட்டு மாதத்தில் சில நாட்கள். தலித் பெண்ணுக்கு அந்தச் சில நாட்கள் முடிந்தாலும் தீட்டு முடிவதில்லை. குழாயடியில் மற்றவர்கள் குடம் நிரப்பும் வரை தள்ளி நிற்கிறார். அந்தக் குழாயைப் போட்ட பணம் உங்கள் வார்டின் வழியாகத்தானே வந்தது?

உங்கள் பதவிக்காலம் 2027இல் முடிகிறது. அதற்குள் நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த கூட்டத்துக்கு அவருக்கும் மற்றவர்களோடு முன்கூட்டியே அழைப்பு அனுப்புங்கள். எழுத்துத் தெரியாதவராக இருந்தால், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு தீர்மானத்தையும் உரக்கப் படித்துக் காட்டச் செய்யுங்கள். குடிநீர்த் திட்டத்தின் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். எந்தக் குழாயில் யார் காத்து நிற்கிறார்கள் என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். கூட்டத்தில் தேநீர் வரும்போது அவரே ஊற்றிக் கொடுக்கட்டும். முதல் கோப்பையை நீங்கள் வாங்கிக் குடியுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண்