மரத்தில் தொங்கப் போகும் வீடுகள்

அன்பின் சோடாப்போத்தல்,

நான் நலம். நீயும் அண்ணையும் நலம் என்று சின்னவள் சொல்லிவிட்டாள், அதனால் விசாரிப்பைத் தாண்டிப் போகிறேன். மழை விட்ட பாடில்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவை எப்போது திறப்பார்கள் என்பதுதான் சந்தியில் எல்லோருக்கும் கதை. கண்ணாடி மாஸ்டர் அதே சைக்கிள், அதே குடை, அதே பொய். ஊர்ச்செய்தி முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் நத்தார் மரம். சிரிக்காதே, முழுக்கப் படி.

மூத்தவள் பிள்ளைகளோடு லண்டனில் இருந்து நத்தாருக்கு வருகிறாள். பேத்தி ஒரு மாதத்துக்கு முன்பே வீடியோவில் வந்து, "அம்மம்மா, இந்த முறை உங்கள் மரத்துக்கு என்ன தீம்?" என்று கேட்டாள். போன வருடம் அவர்களுடைய மரம் முழுக்க நீலமும் வெள்ளியும்தானாம், அதற்கு முந்தின வருடம் முழுக்கப் பனிமனிதர்களாம். நாங்கள் சிகரெட் பெட்டி ஈயத்தாளில் நட்சத்திரம் வெட்டி, பலூனும் பஞ்சும் பழைய நத்தார் மட்டைகளும் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டோமே, அதெல்லாம் கணக்கிலேயே இல்லை! "தீம் வெள்ளம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் ஏதோ வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று, அம்மம்மா எத்தனை வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்டாள். நான் விரல் மடக்கத் தொடங்கினேன். உருத்திரபுரம், உங்கள் அம்மாவின் விசுவமடு வீடு, சுதந்திரபுரத்தில் தறப்பாள் கூடாரம், மாத்தளனில் தறப்பாள், பிறகு முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் முகாம், திரும்பி வந்து தகரக் கொட்டில், இப்போது இந்த வீடு. நடுவில் மரத்துக்குக் கீழே இருந்ததை வீட்டுக் கணக்கில் சேர்ப்பதா என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் மூத்தவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள், அப்படியே நின்றாள். அவளுக்கும் இதெல்லாம் தெரியும்தானே, அப்போது இருபது வயது. ஆனால் தன் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "இதுதான் தீம்" என்றாள் பேத்தி. நாங்கள் இருந்த வீடுகள். எல்லாம் கையால் செய்ய வேண்டும், கடையில் ஒன்றும் வாங்கக் கூடாது. சட்டமும் அவளே போட்டாள்.

அன்றைக்குத் தொடங்கின விசர் எனக்கு இன்னும் அடங்கவில்லை. சமைக்கிறேனா, கடைக்குப் போகிறேனா என்று சின்னவள் கேட்கிறாள். உங்கள் ஜேர்மனியின் லௌஷா ஊரில் அந்தக் காலத்தில் புருஷன் கண்ணாடி ஊத, பெண்சாதி உள்ளே வெள்ளி பூச, பிள்ளைகளும் கூட இருந்து வீட்டுக்குள்ளேயே நத்தார்க் குண்டுகள் செய்தார்கள் என்று எழுதினாயே, எங்கள் விறாந்தையும் இப்போது அந்த நிலைமைதான். (நீ அண்ணையின் காலுறைக்குள் சுற்றி அனுப்பின குண்டு உடையாமல் இருக்கிறது. ஆனால் சட்டப்படி அதைத் தொங்கவிட முடியாது, அலுமாரிக்குள் இருக்கிறது.)

முதலில் நீ சொல்லித் தந்த வைக்கோல் நட்சத்திரத்தில்தான் கை வைத்தேன். ஊறவைத்து, நீளத்துக்குக் கீறி விரித்து, இஸ்திரிப் பெட்டியால் தட்டையாக்க வேண்டும் என்றாய். உங்கள் கோதுமைத் தாளுக்கு அது சரி, எங்கள் நெல்லு வைக்கோல் கீறும்போதே நார் நாராகப் போகிறது. அதுவும் காலபோகப் பயிர் இன்னும் வயலில் பச்சையாக நிற்கிறது, இருப்பது சிறுபோகத்து வைக்கோல், மாடு தின்று மிஞ்சியது. விட்டுவிட்டுப் பனங்குருத்துக்கு மாறினேன். ஈர்க்கை எடுத்துவிட்டு ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்தால் உன் நட்சத்திரம் அச்சாக வருகிறது, வைக்கோலை விடப் பளபளப்பாகவும் இருக்கிறது. உங்கள் ஊர்க் கிழவிகளுக்குச் சொல்லு.

இந்த மழைக்குள் ஓலை காய்வதுதான் பாடு. மேசையில் வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம். கடைசியில் அம்மா செய்தது போல அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டேன், புகை பட்டால் பூஞ்சணம் அண்டாது. நிறம் கொஞ்சம் மங்குகிறது, சரி, வீட்டுக் கூரை பழசாகத்தானே இருக்க வேண்டும்.

உருத்திரபுரம் வீட்டுக்குக் கூரை அந்த ஓலையில்தான். தென்னோலைக் கிடுகு எப்படிப் பின்னுவோமோ அதே பின்னல், விரல் நகமளவு அகலத்தில். கண் போகிறது, உன் கண்ணாடி எனக்கு இப்போது உதவும். சுவருக்குத் தச்சு வேலைக்காரரிடம் முதிரைச் சீவல் கேட்டு வாங்கினேன். சீவுளி இழுக்கும்போது சுருள் சுருளாக விழுமே, மஞ்சளாக, மணமாக, அதைத் தண்ணீரில் நனைத்து நிமிர்த்தினால் பலகை மாதிரியே நிற்கிறது. தகரக் கொட்டில் செய்தது மருமகன். கடைச் சாப்பாடு வருகிற அலுமினியப் பெட்டியைக் கழுவி வெட்டி, ஈர்க்குகளை நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் வைத்துக் கரண்டிக் காம்பால் அழுத்தினான். அசல் கூரைத் தகரம், அலையலையாக! தனக்கு இவ்வளவு மூளை இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது, இரண்டு நாளாக வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான். இப்போதைய வீடுதான் லேசு. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் தந்தார்கள், மிச்சம் கடன், அதனால் அந்த வீட்டை நான் கடன் கடுதாசி மடித்துச் செய்யப் போகிறேன் என்று சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

வாசலில் ஒட்டக் குன்றிமணி பொறுக்கி வைத்திருந்தேன், சிவப்பும் கறுப்புமாக எவ்வளவு வடிவு. சின்னவளின் மூன்று வயதுக்காரன் அதை வாயில் போடப் பார்த்தான். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. எல்லாவற்றையும் எடுத்து மலசலகூடக் குழிக்குள் கொட்டிவிட்டு மஞ்சாடி விதைக்கு மாறிவிட்டேன்.

சரி. இதுவரைக்கும் விளையாட்டு. உன்னிடம் சொல்ல வந்தது இனித்தான்.

தறப்பாள் கூடாரத்துக்கு மெனக்கெடத் தேவையில்லை, மாட்டுக் கொட்டிலில் ஒரு துண்டு இன்னும் கிடக்கிறது, வெட்டினால் முடிந்தது. அதைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது வந்த சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு பேத்தி கேட்டாள், பங்கரும் வீடுதானே, அதை எப்படி மரத்தில் தொங்கவிடுவது? என்ன பதில் சொல்வது சொல்லு. மண்ணில் வெட்டின கிடங்கை எப்படித் தொங்கவிடுவது? சின்னவள்தான் சொன்னாள், கிடங்கு வேண்டாம், மண்மூட்டை செய்வோம் என்று.

உனக்குத் தெரியாது, நீ அப்போது இங்கே இல்லை. கடைசியில் உரப்பையும் கிடைக்காமல் எல்லோரும் சீலையைக் கிழித்துத்தான் மண்மூட்டை தைத்தோம். பட்டு, நைலெக்ஸ், வொயில், கையில் இருந்ததெல்லாம். வரிசையாக அடுக்கிவைத்திருப்பதைப் பார்த்தால் கலியாண வீடா என்று கேட்பாய். என் கூறையும் அங்கேதான். நீ என் கலியாணத்தன்று அதைப் பார்த்து, "மிளகாய்ப்பழ நிறம், உனக்கு எடுபடாது" என்று சொன்னாயே, அந்தக் கூறை. எனக்கு அப்போது அதைக் கிழிக்க ஒரு துக்கமும் வரவில்லை. அளவெடுத்துப் பார்த்து, எத்தனை பை வரும் என்றுதான் யோசித்தேன். துக்கம் இப்போது வருகிறது. சின்னவளின் சீலைத் துண்டில் பெருவிரலளவு பை தைத்து, வாய்க்காலோரத்து மணலை நிரப்பிக் கட்டினால், அது எவ்வளவு வடிவான நத்தார்ச் சோடனை தெரியுமா? யாரும் பார்த்தால் குட்டித் தலையணை என்பார்கள். அந்த வடிவுதான் எனக்குத் தாங்கவில்லை. தைத்ததைப் பிரித்தேன், திரும்பத் தைத்தேன்.

பெரியக்காவிடம் காட்டினேன். 2004 சுனாமிக்குப் பிறகு அவள் மரமே வைப்பதில்லை, ஏன் என்று உனக்குத் தெரியும். இருபத்தைந்தாம் திகதி பூசைக்குப் போய் வருவாள், அடுத்த நாள் காலையில் முல்லைத்தீவுக்கு பஸ் ஏறுவாள், அவ்வளவுதான் அவளுடைய நத்தார். நான் நினைத்தேன், பேசப் போகிறாள், பாலன் பிறக்கிற நாளில் பங்கரைக் கொண்டுவந்து தொங்கவிடுகிறாயா என்று. அதைக் கையில் எடுத்துப் பிரட்டிப் பார்த்தாள். "மூட்டை வாய் இப்படியா கட்டினோம்? உள்பக்கம் மடித்துத் தைத்தது நினைவில்லையா? நீ எப்பவும் அவசரக்காரி" என்றாள். அதோடு எழும்பிப் போய்விட்டாள். இப்போது உள்பக்கம் மடித்துத் தைக்கிறேன்.

பேத்தி இன்னொன்றும் கேட்டாள். தம்பியின் படத்தைச் சின்னதாக்கி ஒரு வீட்டு யன்னலில் ஒட்டலாமா என்று. அதற்கு மட்டும் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். தம்பி சுவரில் இருக்கிறான், அவனுக்கு விளக்கு இருக்கிறது. மரத்தில் வீடு மட்டும்தான். ஆட்களைத் தொங்கவிடத் தொடங்கினால் எனக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மூத்தவள் அதற்குப் பிறகு தனியாக எடுத்து, "அம்மா, நான் வந்து அவளுக்குச் சொல்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம்" என்றாள். அதுவும் நல்லதுதான். இல்லை, நல்லதா என்று தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய்? உன் பிள்ளைகளுக்கு நீ எவ்வளவு சொன்னாய், எந்த வயதில் சொன்னாய்? சும்மா ஆறுதலுக்கு எழுதாதே, நடந்ததை எழுது.

பாதருக்கு மட்டும் இந்தத் தீம் தெரியக் கூடாது. தெரிந்தால் திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடினதோடு சேர்த்து நள்ளிரவுப் பூசையில் பிரசங்கம் வைத்துவிடுவார், நான் முன் வாங்கில் இருந்து எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும்.

மரம் என்று சொல்கிறேனே தவிர, அது விளாக்கொப்பு. சவுக்குக் கொப்பு பாரம் தாங்காமல் வளைகிறது, பிளாஸ்டிக் மரம் சட்டப்படி கூடாது. விளாவில் முள்ளிருக்கிறது, கொளுக்கி வேண்டாம், நூலை முள்ளில் மாட்டினால் நிற்கும். பெயிண்ட் வாளிக்குள் மணல் போட்டு நட்டிருக்கிறோம். லண்டன்காரர்கள் வந்து பச்சை எங்கே என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். விசுவமடு வீடு மட்டும் பாதியில் நிற்கிறது. 2008 கடைசியில் நாங்கள் உங்கள் அம்மாவிடம் போய் இறங்கினபோது ஒரு வார்த்தை கேட்காமல் முன்னறையைக் காலி பண்ணித் தந்தவ. 2009 தை மாதம் எல்லோருமாக அங்கிருந்து வெளிக்கிட்டோம், பிறகு அந்த வீடு இல்லை. எங்களிடம் ஒரு படமும் இல்லை. மாமரம் இடப்பக்கம், கிணறு பின்னுக்கு, அதெல்லாம் செய்துவிட்டேன். முன்கதவின் நிறத்தில்தான் சண்டை. சின்னவள் பச்சை என்கிறாள், பெரியக்கா நீலம் என்று சத்தியம் பண்ணுகிறாள், எனக்கு அந்தத் திறாங்கின் சத்தம்தான் நினைவிருக்கிறது. நீ பிறந்து வளர்ந்த வீடு, நீ சொல்லு. இருபதாம் திகதிக்குள் சொல்லு, பெயிண்ட் காய வேண்டும். குரல் பதிவு அனுப்பாதே, மழைக்குள் ஒன்றும் விளங்காது. எழுதி அனுப்பு.

அண்ணைக்குக் காலுறை திருப்பி அனுப்ப மாட்டேன் என்று சொல்லு.

உன்,
கட்டைப்பென்சில்