பாப்பாவுக்கு, சிதம்பரத்திலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கீழ வீதி விஷயம் ஒருவழியாக முடிந்தது, சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். நேரத்துக்குச் சாப்பிடு.

பேப்பரில் ஒன்று பார்த்தேன். அமெரிக்காவின் 2026 பட்ஜெட் திட்டத்தில் காலநிலை ஆய்வுக்கூடங்களுக்குப் பணமே இல்லையாம். ஹவாயில் மௌனா லோவா மலைமேல் 1958-லிருந்து கார்பன் டை ஆக்சைடை அளக்கிற இடத்தையும் மூடப் பார்க்கிறார்களாம். ஹாலில் மாட்டியிருக்கும் உன் படம் அங்கே எடுத்ததுதானே? வெறும் திட்டம்தான், முடிவாகவில்லை என்கிறான் அண்ணன். அவனுக்கு எல்லாமே லேசு.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கடையில் ஃபிரிட்ஜின் ஆர்-12 கேஸ் லைனில் கசிவு பார்க்கும்போது ஹாலைடு டார்ச்சின் குழாயை ஒவ்வொரு மூட்டாக நகர்த்திக்கொண்டே போவேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து சுடரையே பார்த்துக்கொண்டிருப்பாய். கேஸ் கசிகிற மூட்டுக்கு வந்ததும் நீலச் சுடர் பச்சையாகும். எனக்கு முன்னால் நீ கத்துவாய். நீங்கள் காற்றில் பார்க்கிற வேலையும் அதுதானே? ஃபிரிட்ஜ் சுவர் ஃபோமுக்குப் போட்ட, ஓசோனை அரிக்கிற சி.எஃப்.சி-11 கேஸ் உற்பத்தியை 2010-க்குள் உலகம் முழுக்க நிறுத்தியாயிற்று என்று நம்பிக்கொண்டிருந்தோம். 2012-க்கு அப்புறம் காற்றில் அது குறைகிற வேகம் பாதியாகிவிட்டது, யாரோ புதிதாக விடுகிறார்கள் என்று 2018-இல் உங்கள் ஊர்க்காரர்கள்தான் சொன்னார்கள். கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹத்தெருமா ஸ்டேஷன்களின் அளவுகளை வைத்து, அது கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று மறுவருஷமே பிடித்தார்கள். அப்புறம் இறங்கியது. அளக்க ஆளில்லை என்றால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

நம் அண்ணாமலையில் படித்த ராமநாதன், செகந்திராபாத்தில் ஃபிரிட்ஜ் கம்பெனி வேலை பார்த்தவர், இந்த கேஸ் வெப்பத்தையும் பிடித்துவைக்கும் என்று 1975-இல் கண்டுபிடித்தாரே, அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, ‘என் பெண்ணும் அதே துறைதான்’ என்று முடிப்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் நீ? ஞாயிற்றுக்கிழமை போனில் ‘எல்லாம் ஓகேப்பா’ என்பதோடு சரி. வீடியோவும் போடுவதில்லை. முன்பெல்லாம் வேலையைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாய். இவ்வளவு படிக்கவைத்தது இரண்டு வார்த்தை பேசத்தானா? சரி, விடு. பனியில் வெளியே சுற்றாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

மேல வீதி மாமாவின் மருமகனுக்கு அங்கே வேலை போய்விட்டது. அந்த விசாவில் 60 நாள்தானாமே, அதற்குள் வேறு வேலை பிடிக்க வேண்டுமாம். சும்மாதான் சொல்கிறேன். மௌனா லோவாவில் அளக்க ஆரம்பித்த கீலிங்குக்கே 1964-இல் பணமில்லாமல் அளவீடு சில மாதம் நின்றது, அப்புறம் மறுபடி ஆரம்பித்தார் என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

கீழ வீதிப் பணத்தில் உன் பங்கை உன் பெயரிலேயே பாங்கில் போட்டிருக்கிறேன். டிக்கெட்டுக்கோ வேறெதற்கோ எடுத்துக்கொள், என்னைக் கேட்க வேண்டாம். மாடி ரூமுக்கு ஏசி மாட்டியாயிற்று, ஆர்-32 கேஸ்தான், நீ திட்டாதே. அம்மா பக்கத்தில் இருந்தால் உன்னால் பேச முடியாது, எனக்குத் தெரியும். கடை நம்பருக்குக் கூப்பிடு. காலை 9 மணிக்கெல்லாம் திறந்துவிடுவேன், அந்த நேரத்தில் பையனும் வந்திருக்க மாட்டான்.

அப்பா